அரைச் செங்கலின் எடை

அந்த விளம்பரம் இன்றும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. வழக்கில் அதுதான் சான்றாவணம் 1. ஒன்பது கட்டங்கள். 1 முதல் 9 வரையுள்ள எண்களை ஒருமுறைக்கு மேல் வராமல் நிரப்ப வேண்டும். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் 15 வர வேண்டும். சரியாக நிரப்பி அனுப்பினால் 550 ரூபாய் மதிப்புள்ள இரண்டு பேண்ட் டிரான்சிஸ்டர் பரிசு. முகவரி என்று ஒரு தபால் பெட்டி எண், சென்னை-1. தெருப் பெயர் இல்லை, கதவு எண் இல்லை.

நடுக்கட்டத்தில் 5 போட்டுவிட்டால் மற்ற எண்கள் கொஞ்ச நேரத்தில் தாமே வந்து உட்கார்ந்துவிடும். எட்டாம் வகுப்புப் பையன் பத்து நிமிஷத்தில் போட்டுவிடுவான். போட்டுவிட வேண்டும் என்பதுதான் விளம்பரம் கொடுத்தவர்களின் ஆசையும்.

1986-ம் வருஷக் கடைசி. நான் பட்டுக்கோட்டையில் அரசு உதவி வழக்கு நடத்துநராக இருந்தேன். கோர்ட் வாசலில் ஏ.பி.பி. என்று சொன்னால்தான் தெரியும். கொலை, கொள்ளை எல்லாம் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்விடும். என் மேசைக்கு வருவது வரப்புத் தகராறு, சைக்கிள் திருட்டு, கள்ளச்சாராயம், லாரி விபத்து. இந்தக் கட்டுகளுக்கு நடுவே ஒருநாள் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு குற்றப்பத்திரிகை வரைவைக் கருத்துக் கேட்டுக் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு துணிப்பை. உள்ளே அரைச் செங்கல் ஒன்று, சென்னைப் பதிப்புச் செய்தித்தாளில் சுற்றியபடி.

"இதுதான் சார் ரேடியோ" என்றார்.

வி.பி.பி. என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது. அனுப்புகிறவர் பார்சலின் மேல் விலையைக் குறித்து அஞ்சலகத்தில் கொடுப்பார். தபால்காரர் வாசலில் பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைத் தருவார். அந்தப் பணம் மணியார்டராக அனுப்பியவர் கைக்குப் போகும். பணம் கொடுக்காமல் பார்சலைப் பிரிக்க முடியாது. கடையில்லாத ஊருக்குக் கடையைக் கொண்டுவந்த ஏற்பாடு அது. புத்தகமும் தைலமும் விதைப் பொட்டலமும் அப்படித்தான் கிராமத்துக்கு வந்தன. ஆனால் வாசலில் நிற்பவர் கம்பெனிக்காரர் அல்ல, பத்து வருஷமாகத் தெரிந்த தபால்காரர். ஜனங்கள் அவரை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். பணம் போய்ச் சேர்ந்தது முகமே இல்லாத ஒரு தபால் பெட்டிக்கு.

நடந்தது இதுதான். கட்டத்தை நிரப்பி அனுப்பிய பத்துப் பன்னிரண்டு நாளில் அச்சடித்த கடிதம் வரும். வாழ்த்துகள், தேர்ந்தெடுக்கப்பட்ட மிகச் சிலரில் நீங்களும் ஒருவர், பரிசு ரேடியோவுக்கான வரி, பேக்கிங், கம்பெனிச் செலவு எல்லாம் சேர்த்து 178 ரூபாய் மட்டும் வி.பி.பி.யில் செலுத்திப் பெற்றுக்கொள்ளவும், சம்மதமானால் உடனே அட்டையில் கையெழுத்திட்டு அனுப்பவும். அட்டையை அனுப்பினால் பார்சல் வரும். பார்சலில் செங்கல் வரும்.

அஞ்சலகப் பதிவேடுகளைப் பார்த்து சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பட்டியல் எடுத்திருந்தார். எங்கள் தாலுகாவில் மட்டும் அந்தக் கம்பெனியின் பார்சலை வாங்கியவர்கள் 31 பேர். போலீசில் புகார் கொடுத்தவர் ஒரே ஒருவர். ஏட்டு வீடு வீடாகப் போய்க் கேட்டதில் வாக்குமூலம் கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள் மொத்தம் 11 பேர். மீதி 20 பேரும் அப்படி ஒரு பார்சலே வரவில்லை என்று சாதித்தார்கள். அதில் ஒருவர் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். தபால்காரரின் ரசீதில் அவருடைய கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. அவரை நானே போய்ப் பார்த்தேன். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். கையெழுத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்னுடையது மாதிரியே போட்டிருக்கிறான்" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

பேராசைக்காரர்களைத்தான் இப்படிப்பட்ட ஆட்கள் ஏமாற்றுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த 31 பேரைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் முதலீடாக வைத்திருந்தது ஜனங்களின் ஆசையை அல்ல, வெட்கத்தை. 178 ரூபாய் போனதை ஒருவன் தாங்கிக்கொள்வான். செங்கல் வாங்கியவன் என்று டீக்கடையில் பெயர் வாங்குவதைத் தாங்க மாட்டான். அந்தத் தொகையைக்கூட அப்படிக் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். வலிக்கும், ஆனால் கோர்ட் வாசலுக்கு நடக்கவைக்கிற அளவுக்கு வலிக்காது.

புகார் கொடுத்த அந்த ஒருவர் ஒரு பெண். அதிராம்பட்டினத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர். மகன் எட்டாம் வகுப்பு. கட்டத்தை நிரப்பியது அவன்தான். அந்தக் கரையில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரித் தெளிவாகக் கேட்கும். பக்கத்து வீட்டு ரேடியோவை வேலியோரம் நின்று கேட்டு வளர்ந்த பையன். பார்சல் வந்தபோது கையில் பணமில்லை. தபால்காரர் இரண்டு மூன்று நாள் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போக, அந்த அம்மாள் காதுத் தோட்டை அடகு வைத்து எடுத்திருக்கிறார். செங்கலைப் பார்த்ததும் அவர் அழவில்லை, யாரிடமும் ஒளிக்கவுமில்லை. பார்சல் துணி, உள்ளே இருந்த தாள், கல், எல்லாவற்றையும் அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார். வெட்கப்பட அவருக்கு நேரம் இருக்கவில்லை. அந்த மூட்டை இல்லாவிட்டால் வழக்கே இல்லை.

சென்னையில் மண்ணடிப் பக்கம் ஒரு மாடி அறையில் மூன்று பேரைப் பிடித்தார்கள். முதல் எதிரி கம்பெனி முதலாளி. இரண்டாம் எதிரி கடிதப் போக்குவரத்தைப் பார்த்தவர். மூன்றாம் எதிரி பார்சல் தைத்து, அஞ்சலகத்துக்குச் சுமந்த 19 வயதுப் பையன்.

இனிச் சட்டச் சிக்கல். வக்கீல் அல்லாதவர்கள் இந்த இரண்டு பத்தியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உண்மையில் எனக்குத் தூக்கம் போனது இதில்தான்.

ஏமாற்றிப் பணம் பெறுவதற்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 420. ஆனால் ஏமாந்தவர் ஒவ்வொருவருக்கும் அது தனித்தனிக் குற்றம். ஒரே வகைக் குற்றங்களில், 12 மாதத்துக்குள் நடந்தவற்றில், மூன்றை மட்டுமே ஒரே வழக்கில் சேர்க்கலாம் என்றது குற்ற விசாரணை முறைச் சட்டம், பிரிவு 219. பதினொரு பேருக்கு நான்கு வழக்கு. ஒவ்வொன்றிலும் மூன்று மூன்று பேர் வந்து தங்கள் செங்கலைக் காட்டினால் அது ஏதோ தபாலில் நடந்த தவறு மாதிரித்தான் தெரியும். பதினொரு பேரும் ஒரே கூண்டில் ஒருவர் பின் ஒருவராக ஏறினால்தான் மோசடியின் உருவம் தெரியும். கூட்டுச்சதி என்ற 120-பி பிரிவைச் சேர்த்தால் வழி திறக்கும்: சதி ஒன்று, அதை நிறைவேற்ற நடந்த ஏமாற்றுகள் எல்லாம் அதே நடவடிக்கையின் பகுதிகள். இதற்கு நம் மாகாணத்திலிருந்தே போன ஒரு தீர்ப்பு இருந்தது. சுவாமிரத்தினம் வழக்கில், பொதுமக்களை ஏமாற்றுவது என்ற ஒரே நோக்கத்தோடு பல வருஷம் நடந்தாலும் அது ஒரே சதிதான், சேர்த்து விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதைக் கைப்பட எழுதிக் கட்டில் வைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் இந்தத் தலைவலி இல்லை. மோசடிக்குத் தபாலைப் பயன்படுத்துவதே தனிக் குற்றம் என்று 1872-லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். ஏமாந்தவரைத் தேட வேண்டியதில்லை. அஞ்சலில் போட்ட கடிதத்தைக் காட்டினால் போதும், ஒவ்வொரு கடிதமும் ஒரு குற்றச்சாட்டு. பாஸ்டனில் 1920-ல் சார்லஸ் போன்சி, 45 நாளில் 50 சதவீத லாபம் என்று ஊரையே சுருட்டியபோது, அவர்மேல் மத்திய அரசு போட்டது தபால் மோசடி வழக்குத்தான். 86 குற்றச்சாட்டுகள், ஒன்றை ஒப்புக்கொண்டு ஐந்து வருஷம் வாங்கினார். பன்னாட்டு அஞ்சல் கூப்பன்களை வாங்கி விற்பதாகச் சொன்னவர் அவர். கணக்குப் பார்த்தால் அவர் வாங்கியிருக்க வேண்டிய கூப்பன்கள் 16 கோடி. உலகத்தில் புழக்கத்தில் இருந்தவையோ சுமார் 27,000. இதைப் படித்த அன்று எனக்கு ஒன்று உறைத்தது. எதிரியின் பேச்சோடு மல்லுக்கு நிற்காதே, அவன் விட்டுப்போன எண்ணிக்கையைப் பிடி.

முதல் சண்டை, வழக்கை எங்கே நடத்துவது என்பதில் வந்தது. எதிரிகளுக்காகச் சென்னையிலிருந்து மூத்த வக்கீல் வந்திருந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே ஆபத்தானவர். கம்பெனி சென்னையில், பார்சல் கட்டியது சென்னையில், விசாரணையும் அங்கேதான் நடக்க வேண்டும் என்று மனுப் போட்டார். உப்பளத்து அம்மாள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்குப் போவாரா? மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்லவேளை, குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு வரி இருந்தது. கடிதத்தின் மூலம் ஏமாற்றினால், கடிதம் அனுப்பிய இடத்துக் கோர்ட்டும் விசாரிக்கலாம், வந்து சேர்ந்த இடத்துக் கோர்ட்டும் விசாரிக்கலாம்: பிரிவு 182. மனு தள்ளுபடி. எனக்குத் தெரிந்து ஏழைக்கு இவ்வளவு அனுகூலமான வரிகள் அந்தச் சட்டத்தில் அதிகம் இல்லை.

அடுத்து எதிர்த்தரப்பின் உண்மையான வாதம் வெளியே வந்தது. "நாங்கள் ரேடியோதான் அனுப்பினோம். வழியில் யாரோ எடுத்துக்கொண்டு செங்கல் வைத்துவிட்டார்கள். விசாரிக்க வேண்டியது தபால் இலாகாவை." ரேடியோ வாங்கியதற்கு மொத்த வியாபாரக் கடை ரசீதுகளையும் காட்டினார்கள். மாதிரிக்கு ஒரு ரேடியோவையும் அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். பளபளவென்று இருந்தது. கோர்ட்டில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துச் சாட்சிகள்கூட அதை ஆசையாகப் பார்த்ததுதான் கொடுமை.

இந்த இடத்தில்தான் ஜி.பி.ஓ. என்கிற தலைமை அஞ்சலகத்தின் பார்சல் கவுண்டர் எழுத்தரைச் சொல்ல வேண்டும். சென்னை ராஜாஜி சாலையில், சிஷோம் வடிவமைத்து 1884-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டிடத்தில் வேலை பார்த்தவர். நாங்கள் சம்மன் அனுப்பியதும், பதிவேடுகளைத் துண்டில் சுற்றி ரெக்சின் பையில் போட்டு, ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். பழைய பதிவேடுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்களாம். இவை தப்பியது போலீசார் முன்கூட்டியே எழுதி வைத்ததால். வந்தவரிடம் சாட்சிப் படிக்காக எங்கள் அலுவலகத்தில் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, பணம் இன்று இல்லை என்றார்கள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கூண்டில் ஏறினார். மூத்த வக்கீல் எழுந்தார்.

"இந்த எதிரிகளை முன்னால் பார்த்த ஞாபகம் உண்டா?"

"இல்லீங்க. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான பேர் வர்றாங்க."

"பார்சலுக்குள் என்ன இருந்தது என்று தெரியுமா?"

"பிரிச்சுப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லீங்க."

"அப்படியானால் உமக்கு ஒன்றுமே தெரியாது."

"எனக்குத் தெரியாதுங்க. புத்தகத்துக்குத் தெரியும்."

நடுவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

நான் மறுவிசாரணைக்கு எழுந்தேன். புத்தகத்தில் அந்த அம்மாளின் பார்சலுக்கு எதிரே எழுதியிருந்த எடையைப் படிக்கச் சொன்னேன். 1 கிலோ 450 கிராம். தபால்தலை எவ்வளவு? பார்சல் கட்டணம் 500 கிராமுக்கு 500 கிராம் ஏறும். மூன்று கட்டத்துக்கு உரிய தபால்தலை, பைசா குறையாமல் ஒட்டியிருந்தது. அம்மாள் பத்திரமாக வைத்திருந்த பார்சல் துணியிலும் அதே தலைகள், அதே முத்திரை.

எதிர்வரிசைக் கடையிலிருந்து தராசும் படிக்கற்களும் கொண்டுவந்தோம். கடைக்காரர் தாமே வந்தார், தராசை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று. முதலில் எதிரிகள் காட்டிய மாதிரி ரேடியோவைப் பெட்டியோடு வைத்தோம்: 650 கிராம். பிறகு அரைச் செங்கல், செய்தித்தாள், பார்சல் துணி. கடைக்காரர் குனிந்து முள்ளைப் பார்த்தார். கிலோ நானூறும், ஒரு கைப்பிடியும். "நாப்பதோ அம்பதோ கூட இருக்கும் சாமி" என்றார் நடுவரைப் பார்த்து.

ரேடியோ போயிருந்தால் ஜி.பி.ஓ.வில் 650 கிராம் எழுதியிருப்பார்கள். இரண்டு கட்டத் தபால்தலை போதும். கவுண்டரில் ஏறும்போதே பார்சலுக்குச் செங்கல் எடை இருந்தது. வழியில் எந்தத் திருடனும் மாற்றவில்லை. மற்ற பத்துப் பார்சல்களுக்கும் பதிவேட்டில் எடை கிட்டத்தட்ட அதே. எதிரிகள் தபால் இலாகாவை மட்டும் ஒரு பைசாகூட ஏமாற்றவில்லை. அந்த நாணயம்தான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

இன்னொன்றும் பதிவேட்டோடு வந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1898-ம் வருஷ அஞ்சலகச் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி, வி.பி.பி. அனுப்புகிறவர், உண்மையாக வந்த ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று உறுதி எழுதித் தர வேண்டும். யாரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் படிவம் அது. பதினொரு படிவங்களிலும் நான்கு விதமான பெயர்கள். கையெழுத்து நிபுணர் நான்கும் இரண்டாம் எதிரியின் கைதான் என்றார். ரேடியோ ஆர்டருக்குச் செங்கல் கட்டி, வேறு பெயரில் உறுதி எழுதிக் கொடுத்தவர், நேர்மையான வியாபாரி என்று எப்படிச் சொல்லிக்கொள்வார்?

சாட்சிகளில் ஒரு தையல்காரர். சிரித்த முகம். போட்டிக்கு என்ன விடை அனுப்பினீர்கள் என்று கேட்டார் மூத்த வக்கீல்.

"எல்லாக் கட்டத்துலயும் அஞ்சு போட்டேன் சார்."

கோர்ட்டே சிரித்தது. கூட்டிப் பாருங்கள், எப்படிக் கூட்டினாலும் 15 வரும். ஆனால் ஓர் எண் ஒருமுறைதான் வரலாம் என்பது விதி. விதியைப் படிக்காமல் அனுப்பிய ஆளை எப்படி நம்புவது என்ற தோரணையில் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ கரும்பு கிடைத்த மாதிரி இருந்தது. தப்பான விடைக்கும் பரிசுக் கடிதம் வந்திருக்கிறதே! அப்படியானால் 'தேர்ந்தெடுக்கப்பட்ட மிகச் சிலர்' யார்?

அதை நிரூபிக்க மண்ணடி அறையில் கைப்பற்றிய சாக்கு மூட்டை இருந்தது. போட்டிக்கு வந்த உறைகள். பெரும்பாலானவை பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்க வேண்டும். மீதமிருந்தவை நாற்பதுக்கும் மேல். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் அனுப்புநர் முகவரிக்குப் பக்கத்தில் பச்சை மையில் டிக். இரண்டாம் எதிரியின் அனுப்பீட்டு நோட்டில் அதே பெயர்கள், பரிசுக் கடிதம் அனுப்பிய தேதியோடு. விடையைப் பார்க்காமலே பரிசு. முகவரி கிடைத்தால் போதும், ஜெயித்தாகிவிட்டது.

ஓர் உறையைத் திறந்த கோர்ட்டில் பிரிக்க அனுமதி கேட்டேன். நடுவர் தாமே ஒன்றை எடுத்தார். மேற்கே எங்கோ ஒரு கிராமத்து முகவரி, பச்சை டிக் தெளிவாக இருந்தது. பேப்பர் கத்தியால் ஓரத்தைக் கீறி, உள்ளே இருந்த தாளை விரித்துப் படித்தார். படித்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பெஞ்ச் கிளார்க்கிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்.

உள்ளே கட்டமும் இல்லை, எண்ணும் இல்லை. புகார்க் கடிதம். சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய பார்சலில் செங்கல் இருந்தது, ஏதோ தவறு நடந்திருக்கிறது, தயவுசெய்து ரேடியோவை அனுப்பிவைக்கவும் என்று ஒரு மனிதர் பணிவாக எழுதியிருந்தார். நோட்டைப் புரட்டினால், அந்தப் புகாருக்குப் பதிலாக அவருக்கு இரண்டாம் முறையும் பரிசுக் கடிதம் போயிருந்தது.

மூத்த வக்கீல் அசரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். உடனே எழுந்து, "உறை பிரிக்கப்படவில்லை. ஆகவே என் கட்சிக்காரர்களுக்குப் புகார் வந்ததே தெரியாது" என்றார். அழகான வாதம். "தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரிக்காமல் பரிசு கொடுத்ததையும் அவர் ஒப்புக்கொள்கிறார் அல்லவா?" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். என் முப்பது வருஷத் தொழிலில் நான் சொன்ன உருப்படியான வாக்கியங்களில் அது ஒன்று. மறுநாள் காலையில்தான் பொதுவாக எனக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

உப்பளத்து அம்மாளின் மகனுடைய சாட்சியத்தைப் பற்றி ஒன்று. வயதுக்காக நடுவர் முதலில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அனுமதித்தார். குறுக்கு விசாரணையில், "550 ரூபாய் ரேடியோ 178 ரூபாய்க்கு வராது என்று உனக்குத் தெரியாதா தம்பி?" என்று கேள்வி. பையன் கொஞ்சம் கோபமாகவே சொன்னான்: "நான் விலைக்கு வாங்கல சார். ஜெயிச்சேன்." எழுதும்போது நடுவர் அதை அப்படியே அவன் வார்த்தையில் எழுதச் சொன்னார்.

வாதம் முடியும் கட்டத்தில் தண்டனைச் சட்டத்தின் 95-வது பிரிவு வந்தது. சாதாரண மனிதன் புகார் செய்யாத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமாகாது என்கிற பிரிவு. 31 பேரில் 30 பேர் புகாரே செய்யவில்லையே, தீங்கு அற்பம் என்பதற்கு அதுவே சாட்சி என்றார் மூத்த வக்கீல். தமிழாசிரியரின் மோர் எனக்கு ஞாபகம் வந்தது. அற்பமான தீங்கு என்றால் அவர் கண்ணாடியை ஏன் கழற்றினார்? ஆனால் இதைக் கோர்ட்டில் சொல்ல முடியாது. தோட்டை அடகு வைத்த ரசீதைத்தான் காட்ட முடிந்தது.

இதற்கிடையே வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 420 குற்றத்தை, கோர்ட் அனுமதித்தால், ஏமாந்தவரே ராஜியாக முடித்துக்கொள்ளலாம். எதிரிகளின் ஆள் ஒருவர் சாட்சிகளின் வீடுகளுக்குப் போய் 178-க்குப் பதில் 250 தருகிறோம் என்று பேச ஆரம்பித்தார். மூன்று பேர் வாங்கிக்கொண்டு ராஜி மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நாலு வாய்தாவுக்கு வந்து வேலையும் கெட்டு நின்றவர்கள்.

உப்பளத்து அம்மாள் ஒரு காலை கோர்ட் வேப்பமரத்தடியில் என்னைப் பிடித்தார். "அய்யா, எரநூத்தம்பது தாரானுவ. வாங்கிக்கிட்டுமா? தோடு இன்னும் அடகுலதான் கெடக்கு."

சட்டப்படி அது அவர் முடிவு. அதைச் சொல்லிவிட்டு நான் நடந்திருக்க வேண்டும். செங்கலும் துணியும் அவருடையவை. அவர் ராஜியானால் என் தராசுக் கதை பாதி எடை இழந்துவிடும். "தீர்ப்பு வரட்டும்மா. கோர்ட்டே நஷ்டஈடு வாங்கித் தரும்" என்றேன். அவர் சரிங்கய்யா என்று போய்விட்டார். வழக்கு ஜெயிக்க வேண்டும் என்ற வேகத்தில் சொன்ன வார்த்தை அது. அவருடைய நன்மைக்கு என்று நான் அன்று நம்பினேன் என்றால் பாதிதான் உண்மை.

1989-ல் தீர்ப்பு. முதல் இரண்டு எதிரிகளுக்கும் இரண்டு வருஷக் கடுங்காவல், அபராதம் 5,000 ரூபாய். சட்டப் புத்தகத்தில் 420-க்கு ஏழு வருஷம்வரை உண்டு. முதல் வகுப்பு நடுவருக்கு அன்று மூன்று வருஷத்துக்கும் 5,000 ரூபாய்க்கும் மேல் கை நீளாது. மூன்றாம் எதிரிக்குச் சந்தேகத்தின் பலன் கொடுத்து விடுதலை. பார்சலுக்குள் கல் வைத்துத் தைத்தவன் அவன்தான். ஆனாலும் அந்த விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா என்று என்னைக் கேட்டபோது வேண்டாம் என்று எழுதினேன். மாதம் நூற்றைம்பது ரூபாய்ச் சம்பளம் அவனுக்கு. அபராதத்திலிருந்து ராஜியாகாத எட்டுப் பேருக்கும் தலைக்கு 250 ரூபாய் நஷ்டஈடு தர உத்தரவு.

எதிரிகள் தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு மேல்முறையீடு போனார்கள். மேல்முறையீடு முடியும்வரை அபராதத்திலிருந்து நஷ்டஈடு கொடுக்கக் கூடாது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 357-வது பிரிவே அப்படிச் சொன்னது. வேப்பமரத்தடியில் இதை நான் அவரிடம் சொல்லவில்லை. முதல் வருஷம் இரண்டு மூன்று தடவை வந்து கேட்டார். "தஞ்சாவூர்ல இருக்கும்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பிறகு வரவில்லை.

இப்போது சட்டங்களே மாறிவிட்டன. 420 என்ற எண் போய் நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. தெருவில் திட்டுவதற்கு மட்டும் பழைய எண்ணே இருக்கிறது. மூன்று குற்றம் என்ற வரம்பை ஐந்தாக்கியிருக்கிறார்கள். கடிதம் வந்து சேர்ந்த ஊரில் விசாரிக்கலாம் என்ற வரி மின்னணுத் தொடர்புகளையும் சேர்த்துக்கொண்டு புதிய விசாரணை முறைச் சட்டத்தில் 202-வது பிரிவாக இருக்கிறது. 1898-ம் வருஷ அஞ்சலகச் சட்டத்தை 2023-ல் வந்த புதிய சட்டம் நீக்கிவிட்டது. போனில் பரிசு விழுந்திருக்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குப் பச்சை டிக்தான் ஞாபகம் வருகிறது.

1992-ல் செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பை உறுதி செய்து, தண்டனையை ஒரு வருஷமாகக் குறைத்தது. நஷ்டஈட்டை வந்து பெற்றுக்கொள்ளச் சொல்லி எட்டுப் பேருக்கும் எங்கள் கோர்ட்டிலிருந்து பதிவுத் தபால் போனது. ஐந்து பேர் வந்து வாங்கிப் போனார்கள். மூன்று உறைகள் திரும்பி வந்தன. பெஞ்ச் கிளார்க் அவற்றில் ஒன்றை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். அதிராம்பட்டினம் முகவரி. குறுக்கே நீல மையில் தபால்காரரின் எழுத்து: "விலாசதாரர் ஊரை விட்டுப் போய்விட்டார். அனுப்பியவருக்கே திருப்புக."

தபால்காரரைத் தேடிப் போய்க் கேட்டேன். அதே தபால்காரர்தான், 178 ரூபாயை எண்ணி வாங்கியவர். "பையனோட திருப்பூருக்குப் போச்சுங்க, பனியன் கம்பெனி வேலைக்கு. வெலாசம் குடுத்துட்டுப் போகல" என்றார்.

அந்த 250 ரூபாய் கோர்ட் டெபாசிட்டில் இருந்தது. நான் அங்கிருந்து மாற்றலாகிப் போகும்வரை அதைக் கேட்டு யாரும் வரவில்லை.